"இளைக்கணும்" என்று சொன்னால் ஏன் முகம் மாறுகிறது?

ராத்திரி டியூட்டி கேட்கிறார்:

சர்க்கரை நோய் வெளிநோயாளிப் பிரிவில் 14 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் மருந்து எழுதி அனுப்பியதும் நோயாளியை உட்கார வைத்து எப்படிச் சாப்பிடுவது, எப்படி நடப்பது, எடையை எப்படிக் குறைப்பது என்று சொல்வது என் வேலை. ஒருத்தருக்கு ஏழெட்டு நிமிஷம் கிடைக்கும். கூட்டம் இருந்தால் நாலுதான்.

அந்த நிமிஷங்களில் என் வாயில் அதிகம் வருகிற வார்த்தை "இளைக்கணும்". அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிப் போவதையும் 14 வருஷமாகப் பார்க்கிறேன். வாயைக் கட்டச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று விட்டுவிடுவேன். சமீபத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது, பிரச்சினை அது இல்லையோ என்று.

எங்கள் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தோம். இடப் பக்கம் பருத்த ஓர் அம்மா, தலைக்கு மேலே சிவப்பில் பெருக்கல் குறி. வலப் பக்கம் ஒல்லியான ஓர் அம்மா, பச்சையில் சரி குறி. போன மாதம் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பக்கம் இருக்கறவங்க நல்லாத்தானே இருக்காங்க? அந்தப் பக்கம் இருக்கறவங்களைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு. அவங்களுக்குத்தான் சுகரா?"

நான் சிரித்துவிட்டேன். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை. கட்டுப்படாத சர்க்கரை ஆளை உருக்கிவிடும். இன்சுலின் போதாவிட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாது. அது சிறுநீரோடு போய்விடும். உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் செலவு பண்ணும். நோய் இருப்பதே தெரியாமல் பத்து கிலோ இறங்கி வந்து நிற்பவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! அவர்களுக்கே இன்சுலின் ஆரம்பித்தால் சில மாதத்தில் கன்னம் கொஞ்சம் நிரம்பும், எடை ஏறும். வீட்டில் "உடம்பு தேறிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். அவர்கள் கண்ணால் கண்ட பாடம் இதுதான்: இளைத்தால் வியாதி, சதை பிடித்தால் குணம். நடுவில் நான் ஒருத்தி வந்து "இளைத்தால்தான் குணம்" என்கிறேன்.

இன்னொருவர் நாற்பது வயதுக்காரர், ஆள் குச்சி மாதிரி இருப்பார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 11, ரொம்ப அதிகம். "சிஸ்டர், ரிசல்ட் மாறிப் போச்சோ? இது குண்டா இருக்கறவங்களுக்கு வர்றதுதானே?" என்று கேட்டு, சுவரைக் கையால் காட்டினார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே எங்கள் படம்தான்.

கடைசியாக என் கதை. போன வருஷம் எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. ஒன்பது கிலோ குறைத்தேன். கூட வேலை பார்க்கிற நர்ஸ்கள், இதையே படித்து இதையே நோயாளிகளுக்குச் சொல்கிறவர்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்றார்கள். ஒருத்தி தனியாகக் கூப்பிட்டுப்போய் "டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்தியா? எங்கிட்ட மறைக்காதே" என்றாள். கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிந்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது, அதை என்னவென்று சொல்ல!

நம் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். இளைப்பு என்றால் களைப்பு, மூச்சுவாங்குவது. "உனக்கு நான் இளைச்சவனா?" என்றால் தாழ்ந்தவனா என்று அர்த்தம். நோயிலிருந்து மீண்டாலும் தேறுகிறோம், பரீட்சையில் ஜெயித்தாலும் தேறுகிறோம், சதை பிடித்தாலும் தேறுகிறோம். மனசு நிறைந்தால் பூரித்துப் போகிறோம். இவ்வளவையும் மனதுக்குள் வைத்திருப்பவரிடம் "இளைங்க" என்றால் அவர் காதில் என்னவென்று விழும்?

என் கேள்வி இதுதான். மற்ற இடங்களில், வாழ்க்கை சட்டென்று மாறி இந்த நோய் வந்து இறங்கிய இடங்களில், இதை எப்படிப் பேசினார்கள்? பழைய படம் கிழிந்துவிட்டது. புதுசு மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டுவதற்கு முன்னால் கேட்கிறேன். தயவுசெய்து "தினமும் நடக்கச் சொல்லுங்கள்" என்று யாரும் எழுத வேண்டாம். அதை நானே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்.


நாடா டாக்டர் பதில்:

சிஸ்டர், அந்தக் குச்சி ஆள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார். 2004 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் லண்டனின் ஜான் யுட்கின், மற்றவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, ஒன்றுதான், 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே பார்த்தால் இரண்டு பேருமே மெலிந்தவர்கள்தான். அதே 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ 25 ஆகும் வரை காத்திருக்க வேண்டாம், 23 இலேயே கவனியுங்கள் என்று சொன்னது.

அதனால் நான் எடையைப் பேசுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஒரு நாடா வைத்திருக்கிறேன். "வயிற்றுச் சுற்றளவு இரண்டு விரற்கடை குறைந்தால் போதும், முகம் வாடக் கூடாது, கை கால் வலு குறையக் கூடாது" என்பேன். "முகம் வாடாதா டாக்டர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். வாடாது என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள். புதுப் படத்துக்கு ஆள் உருவமே வேண்டாம் என்பது என் கருத்து.


பழைய நூலகம் பதில்:

மானிடவியல் படித்தவன், நோயாளிகளைத் தொட்டுப் பழகியவன் அல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நர்ஸ் தோழிகளைப் பற்றிப் படித்ததும் எனக்குக் கயெலிட்சா நினைவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டிய பெரிய குடியிருப்பு. அங்கே சமூக சுகாதாரப் பணியாளர்களிடம் உடல் எடை பற்றிப் பேசிப் பார்த்த ஆய்வு ஒன்று 2005 இல் வெளியானது. ரத்த அழுத்தம், நீரிழிவு பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கே ஓரளவு பருத்த உடம்புதான் பிடித்திருந்தது. மெலிவது என்றால் அவர்களுக்கு எச்ஐவியும் காசநோயும்தான். எய்ட்ஸுக்கு ஊர் ஊராக ஆட்களைப் பறிகொடுத்த காலம் அது. எலும்பும் தோலுமாகப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று நேரில் கண்டவர்களிடம் "மெலிவதே ஆரோக்கியம்" என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் எப்படி எடுபடும்? உங்கள் தோழி "எங்கிட்ட மறைக்காதே" என்றாளே, அதே பயம்தான்.

அடுத்து நவ்ரு. பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒற்றைத் தீவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்நியர்கள் அங்கே உரத்துக்கான பாஸ்பேட் வெட்டி எடுத்தார்கள். நீரிழிவில் உலகத்துக்கே எச்சரிக்கை உதாரணம் என்று எல்லோரும் சொல்வது இந்தத் தீவைத்தான். ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1943 ஐ விட்டுவிடுகிறார்கள். அந்த வருஷம் ஜப்பானியப் படை தீவு மக்களில் சுமார் 1,200 பேரைக் கப்பலில் ஏற்றி ட்ரக் என்ற தொலைதூரத் தீவுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனது. வேலை, பசி, நோய். 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். 1968 இல் சுதந்திரம் வாங்கியபோது அதே ஜனவரி 31 ஐத்தான் நாளாகக் குறித்தார்கள். பிறகு பாஸ்பேட் பணம் அவர்கள் கைக்கு வந்தது. 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் உச்சியில் இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. 1975–76 இல் பால் ஜிம்மெட் என்ற நீரிழிவு ஆய்வாளரின் குழு போய்ப் பரிசோதித்தபோது வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள், பசியிலிருந்து திரும்பி முப்பது வருஷம்தான் ஆகியிருக்கிறது. ட்ரக் தீவில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பாட்டியாகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் காலம். பேரப்பிள்ளை கொழுகொழுவென்று ஓடி வந்தால் அவள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? "கலாச்சாரம் பருமனைப் போற்றுகிறது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு உயிர் பிழைத்துவிட்டது என்ற நிம்மதிக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

ஃபிஜியில் மெலிவுக்கு வேறொரு பொருளும் இருந்தது. ஆன் பெக்கர் என்ற மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட, அங்கே நந்த்ரோங்கா பகுதியில் பல வருஷம் வேலை செய்தவர். ஒருவர் மெலிந்தால் அவரைச் சுற்றி இருப்பவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள். உடம்பு ஒருவருடையது, மானம் வீட்டாருடையது. பசி எடுக்காமல் போவதற்கென்றே அங்கே ஒரு வியாதிப் பெயர் உண்டு, அதற்குப் பச்சிலை மருந்தும் உண்டு. உங்கள் நோயாளி பயப்படுவது தன்னைப் பற்றி மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். "இவளுக்குச் சோறு போட ஆளில்லையா" என்று தன் வீட்டைப் பேசுவார்களோ என்றும் இருக்கலாம்.

அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. 1995 இல் அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அந்தச் சமயத்தில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. 1998 இல் அதே வயது மாணவிகளில் 11.3 சதவீதம் பேர் எடுப்பதாகச் சொன்னார்கள். மூன்றே வருஷம். தலைமுறை தலைமுறையாக வந்த மதிப்பு மாறவே மாறாது என்று நான் வகுப்பில் படித்ததெல்லாம் அந்த இடத்தில் பொய்யாகிப் போனது.

மாறாததும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவில் பெண் குழந்தைகளை ஒட்டகப்பால் குடிக்கவைத்துப் பருக்கவைக்கும் வழக்கம், அதற்கு லெப்லூ என்று பெயர். 1970களின் வறட்சியில் மந்தைகள் அழிந்தன, மக்கள் நகரத்துக்கு நகர்ந்தார்கள். பால் போனது, ஆசை போகவில்லை. பிற்பாடு சில பெண்கள் பருப்பதற்கு மாத்திரை வாங்கி விழுங்குவதாகச் செய்திகள் வந்தன.

எப்படிப் பேசினார்கள் என்று கேட்டீர்களே, எனக்குப் பிடித்த ஆள் பசிபிக் தீவு நாடான டோங்காவின் அரசர் நான்காம் டவுஃபாஆஹவ் டுபோ. 200 கிலோவைத் தாண்டியவர். உலகிலேயே மிக எடையுள்ள மன்னர் என்று கின்னஸில் பெயர் வந்தது. 1990களில் நாட்டில் எடை குறைக்கும் இயக்கம் தொடங்கியபோது அவரே இறங்கி உடற்பயிற்சி செய்து பல பத்து கிலோ குறைத்தார். அரசர் மெலிந்தால் யாரும் சோற்றுக்கு வழியில்லாமல் மெலிந்தார் என்று சொல்ல முடியாது அல்லவா! 2006 இல் 88 வயதில் இறந்தார். அதனால் டோங்கா மெலிந்துவிட்டதா என்றால் இல்லை, இன்றும் உலகின் பருத்த நாடுகளின் வரிசையில்தான் இருக்கிறது. ஆனாலும் மெலிவது வறுமையின் அடையாளம் அல்ல என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் காட்டியதில்லை.


22 வருஷ சர்க்கரை பதில்:

எல்லாரும் ரொம்ப அழகா எழுதறீங்க. ஒரு நோயாளியும் பேசட்டுமா?

இந்தப் "பண்பாடு" பேச்சைக் கேட்டாலே எனக்குக் கடுப்பு வரும். அமெரிக்காவில அரிசோனா மாநிலத்துல பைமாங்கிற பூர்வகுடி மக்கள் இருக்காங்க. அவங்க தங்களை அகிமெல் ஒஓதாம்னு சொல்லிக்குவாங்க, ஆற்று மக்கள்னு அர்த்தம். கீலா ஆற்றுத் தண்ணியில வாய்க்கால் வெட்டி விவசாயம் பண்ணினவங்க. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில குடியேறின வெள்ளைக்காரங்க ஆத்தோட மேல்பக்கத்துலயே தண்ணியைத் திருப்பிட்டாங்க. பயிர் காய்ஞ்சுது, பஞ்சம் வந்துது. அப்புறம் அரசாங்கம் மாவும் கொழுப்பும் சர்க்கரையும் கொடுத்துது. 1965லேர்ந்து விஞ்ஞானிங்க அங்க வந்து ரத்தம் எடுத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க ஜீன்லதான் கோளாறு, பஞ்சத்துக்குன்னு சேர்த்துவைக்கிற ஜீன்னு எழுதினாங்க. அந்த யோசனையை 1962ல சொன்னது ஜேம்ஸ் நீல்ங்கிற மரபணு விஞ்ஞானி. அவரே பின்னாடி அதை மாத்திக்கிட்டார்.

அதே பைமா மக்கள்ல ஒரு பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ மலையில, மைகோபாங்கிற ஊர்ல இருக்காங்க. 1995ல அங்க போய்ப் பார்த்தா நீரிழிவு 6.9 சதவீதம். அமெரிக்காவில இருக்கற பைமாவுக்கு 38. ரத்தம் ஒண்ணு, தண்ணியும் வேலையும் வேற. அமெரிக்காப் பக்கம் தண்ணி உரிமைக்குச் சட்டம் வந்தது 2004ல. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

சமோவான்னு பசிபிக்ல ஒரு தீவு நாடு, அதோட கதை தெரியுமா? அமெரிக்காவில விலைபோகாத வான்கோழி வால், முழுக்கக் கொழுப்பு, அங்க இறக்குமதி ஆச்சு. 2007ல சமோவா தடை போட்டுது. அப்புறம் உலக வர்த்தக அமைப்புல சேரணும்னா தடையை எடுன்னாங்க. ஒத்துக்கிட்டு 2012ல சேர்ந்தாங்க. இப்ப சொல்லுங்க, அங்க இருக்கறவங்க குண்டா இருந்தா அது பண்பாடா, வியாபாரமா? 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஜெர்மனியில நீரிழிவுக்கு "யூதர் நோய்"னு பேரு. அப்புறம் பூர்வகுடிகள் நோய். எப்பவும் யாருக்கு வருதோ அவங்க மேலதான் பழி.

சரி, என் விஷயம். நான் பெரிய உடம்புக்காரன். நான் போய்க்கிட்டிருந்த இடத்துல எடை மெஷின் எங்க இருக்கும் தெரியுமா? கூடத்து நடுவுல. வரிசையில நாப்பது பேர் பார்த்துக்கிட்டிருப்பாங்க. ஏறி நின்னதும் ஒரு அம்மா எண்ணைச் சத்தமா சொல்லுவாங்க, இன்னொருத்தர் எழுதறதுக்கு. ஒரு தடவை என் எண்ணைக் கேட்டுப் பின்னாடி யாரோ விசில் அடிச்சாங்க. அப்புறம் எட்டு மாசம் நான் அந்தப் பக்கமே போகலை. மாத்திரை தீர்ந்து போச்சு, வாங்கலை. கால்ல புண்ணு வந்தப்புறம்தான் போனேன். ரெண்டு விரல் போச்சு.

சிஸ்டர், உங்க சுவத்துல என்ன படம்னு நான் கேக்கலை. உங்க மெஷின் எங்க இருக்கு?


ராத்திரி டியூட்டி:

ஐயா, இரண்டு நாளாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை. வேலை இருந்தது என்று பொய் சொல்லலாம். எங்கள் மெஷினும் கூடத்தில்தான் இருக்கிறது. எண்ணைச் சத்தமாகச் சொல்வதும் நான்தான். எழுதுபவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று. நோயாளிக்குப் பின்னால் வரிசை நிற்பது என் கண்ணில் பட்டதே இல்லை. அதாவது பட்டிருக்கிறது, வரிசையாக மட்டும் பட்டிருக்கிறது.

பழைய நூலகம் அவர்களே, ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன இடங்களில் பருமனை மதிக்கும் எண்ணம் மெதுவாகப் போய்விட்டால் நல்லதுதானே என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஐயா சொன்னதைப் படித்த பிறகு எனக்குத் தெரியவில்லை.


பழைய நூலகம்:

நல்லதாக முடியவில்லை. அலெக்ஸாண்ட்ரா ப்ரூயிஸ் என்ற மானிடவியலாளரின் குழு பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு 2011 இல் எழுதியது. பருத்த உடலைக் கொண்டாடிய அமெரிக்க சமோவாவிலும், மெக்சிகோவிலும், பராகுவேயிலும் "பருத்தவர் சோம்பேறி, தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்" என்ற எண்ணம் நன்றாக ஊன்றிவிட்டிருந்தது. எடை இறங்கவில்லை, மதிப்பு மட்டும் இறங்கியது. பழைய நாளில் பருத்தவர் மரியாதையோடு பருத்திருந்தார்; இன்று அதே எடையோடு அவமானத்தையும் சுமக்கிறார். அவமானப்பட்டவர் மருந்தை விட்டு ஓடுவார் என்பதை 22 வருஷ சர்க்கரை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

அவர் கோபத்தில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. ஒன்றில் மட்டும் இல்லை. வியாபாரம் வாலைக் கொண்டுவந்து இறக்கும், ஆனால் அதை விருந்தாளிக்கு முதலில் எடுத்து வைக்கச் சொல்வது பசியின் நினைவு. இரண்டில் ஒன்றைப் பார்த்தால் மற்றது புரியாது.


22 வருஷ சர்க்கரை:

அது சரிதான். ஆனா நினைவைத் தடை பண்ண முடியாது, வாலைத் தடை பண்ணலாம். அதைச் சொன்னேன்.


நாடா டாக்டர்:

சிஸ்டர், மெஷினை நகர்த்த அனுமதி கேட்டு மனு எதுவும் எழுதாதீர்கள். எழுதினால் ஆறு மாதம் ஆகும். ஒரு சாயங்காலம் நகர்த்திவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.


ராத்திரி டியூட்டி:

நகர்த்திவிட்டேன். டாக்டர் சொன்னது சரி, பத்து நாளாக மேலிடத்தில் யாரும் கவனிக்கவில்லை. இப்போது மெஷின் என் அறைக்குள், கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணை நானே எழுதிக்கொள்கிறேன். ஒருத்தருக்குக் கூடுதலாக அரை நிமிஷம் ஆகிறது. அந்த அரை நிமிஷத்தை எங்கிருந்து எடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. ஏறுவதற்கு முன்னால் "பார்க்கணுமா, வேண்டாமா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்று மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இளைக்கணும்" என்ற வார்த்தையை விட்டுப் பார்க்கிறேன். வாய் பழகிவிட்டதால் தினம் நாலைந்து தடவை வந்துவிடுகிறது. "வயிறு இறங்கணும், வலு இறங்கக் கூடாது" என்று மாற்றியிருக்கிறேன். குச்சி ஆளிடம் எடையைக் குறைக்கச் சொல்லவே இல்லை. அவருடைய பயத்துக்குப் பதிலாகத் தானாக இளைப்பதும் நாமாகக் குறைப்பதும் வேறு என்று விளக்கினேன். தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி, இவற்றோடு எடை இறங்கினால் உடனே வாருங்கள். அது இல்லாமல், தெம்போடு வயிறு மட்டும் இறங்கினால் சந்தோஷப்படுங்கள் என்று. அவர் அதைத் தன் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அப்புறம் வந்த நாலு பேரும் தங்களுக்கும் எழுதித் தரச் சொன்னார்கள். புதுப் படத்துக்குப் பதில் அதையே பெரிய எழுத்தில் எழுதி மாட்டலாமா என்று யோசனை.

இப்போதைக்குச் சுவர் காலி, ஆணி மட்டும் இருக்கிறது. நேற்று அந்த அம்மா வந்தார். உட்கார்ந்ததும் சுவரைத்தான் பார்த்தார்.

"நல்லா இருந்தாங்களே, அந்த அம்மாவை எங்கே காணோம்?" என்றார்.